ஸ்காலர்ஷிப் வரவில்லை, கல்லூரி பாக்கி கேட்கிறது: பெங்களூரில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பெரும்பாலும் இந்தச் சேதி வருவது இரண்டு நேரங்களில். ஒன்று, பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஹால் டிக்கெட் கவுன்டரில். இன்னொன்று, படிப்பு முடிந்து டி.சி. கேட்கும்போது. "உங்கள் பேரில் 1,84,000 பாக்கி. கட்டினால்தான் நோ டியூ (பாக்கியில்லைச் சான்று)." ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பித்தாகிவிட்டது, வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு அந்த எண் இடியாக இறங்கும். உடனே நகையை அடகு வைக்க ஓடுவார்கள், இல்லாவிட்டால் பிரின்சிபாலிடம் போய்க் கெஞ்சுவார்கள். இரண்டுமே முதல் வேலை அல்ல.

கல்லூரி சொல்லும் அந்த ஒற்றை எண்ணுக்குள் நாலைந்து தனித்தனிக் கடன்கள் இருக்கின்றன. சில நியாயமானவை. சில அரசு தர வேண்டியவை. சில கேட்கவே கூடாதவை. மொத்தத் தொகையோடு சண்டை போட்டால் தோற்பீர்கள். தலைப்புவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் யாருடைய தவறால் நின்றது என்று காட்டினால்தான் பேச்சு நடக்கும்.

முதல் வேலை: கணக்கை எழுத்தில் வாங்குவது

ஃபீஸ் செக்‌ஷனில் வாய்மொழியாகச் சொல்வதோ, போர்ட்டலில் சிவப்பாகத் தெரியும் எண்ணோ போதாது. சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை எந்த செமஸ்டருக்கு என்ன தலைப்பில் எவ்வளவு விதிக்கப்பட்டது, எவ்வளவு வரவு வந்தது, எந்தத் தேதியில் வந்தது என்ற லெட்ஜர் நகலைக் கேளுங்கள். மின்னஞ்சலில் கேட்டு, அதே கடிதத்தின் பிரதியை நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான இன்வர்டு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி டெலிவரி ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுத்து வையுங்கள்.

லெட்ஜர் கைக்கு வந்தால் எப்படி வாசிப்பது? மேலே சொன்ன 1,84,000 இப்படிப் பிரிவதாக வைத்துக்கொள்வோம்: இரண்டாம் வருட டியூஷன் (கல்விக் கட்டணம்) 65,000, மூன்றாம் வருட டியூஷன் 65,000, 'ஸ்கில் டெவலப்மென்ட்' 18,000, காஷன் டெபாசிட் 10,000, தாமத அபராதம் 26,000.

டியூஷன் இரண்டும் ஸ்காலர்ஷிப் கணக்கில் வர வேண்டியவை. தகராறின் மையம் அதுதான். காஷன் டெபாசிட் திரும்பத் தரப்படும் பணம். எஸ்.சி. (பட்டியல் சாதி) மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான, ஸ்காலர்ஷிப் திட்டம் கட்டாயமான, திரும்பத் தராத கட்டணங்களை மட்டுமே ஏற்கும் என்பதால் டெபாசிட்டை அரசு தராது. அது உங்கள் பொறுப்புதான். ஆனால் படிப்பு முடிந்து வெளியேறும் மாணவரிடம் டெபாசிட் கேட்பதில் அர்த்தமில்லை, வாங்கிய கையோடு திருப்பித் தர வேண்டுமே! அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். 'ஸ்கில் டெவலப்மென்ட்' சேரும்போது கொடுத்த புராஸ்பெக்டஸிலும் கட்டண அறிவிப்பிலும் இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் அறிவித்ததற்கு மேல் வசூலிப்பதாகத் தனியாகவே புகார் செய்யலாம். அபராதத்துக்கு எந்தச் சுற்றறிக்கை ஆதாரம், எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று கேளுங்கள். கல்லூரியே சரிபார்ப்பைத் தாமதித்த மாதங்களுக்கு உங்கள் மேல் அபராதம் ஓடியிருந்தால் அந்த வரி நிற்காது.

லெட்ஜரை உங்கள் ரசீதுகளோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வங்கியிலிருந்து கல்லூரிக்குப் போன பணம் மாணவர் பெயரோ ரிஜிஸ்டர் எண்ணோ இல்லாமல் போய், யாருடையது என்று தெரியாத பணத்தைப் போடும் சஸ்பென்ஸ் கணக்கில் கிடப்பது சாதாரணம். பாஸ்புக்கில் அந்தப் பற்றுக்கு எதிரே யுடிஆர் எண் (பரிமாற்ற அடையாள எண்) இருக்கும். நெஃப்ட் என்றால் 16 எழுத்து, ஆர்டிஜிஎஸ் என்றால் 22. அதையும் தேதியையும் கொடுத்தால் பணத்தைத் தேடி எடுத்து உங்கள் பேரில் ஏற்றிவிடுவார்கள். பாக்கியில் ஒரு பகுதி இப்படியே கரைவது உண்டு.

எந்த மாநிலம் தர வேண்டும்?

பெங்களூர்த் தமிழர்கள் அதிகம் சிக்கும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பைத் தருவது கல்லூரி இருக்கும் மாநிலம் அல்ல, மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலம். ஓசூரிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வந்து பெங்களூரில் நர்சிங் படிக்கும் எஸ்.சி. மாணவி விண்ணப்பிக்க வேண்டியது தமிழ்நாட்டின் ஆதி திராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையிடம். கர்நாடகத்தின் எஸ்எஸ்பி (மாநில ஸ்காலர்ஷிப்) போர்ட்டலில் அவரால் நுழையவே முடியாது. சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கு நாடகச்சேரி (கர்நாடக வருவாய்த்துறையின் உள்ளூர் அலுவலகம்) தரும் ஆர்டி நம்பரை அது கேட்கும். தமிழ்நாட்டுத் தாசில்தார் கொடுத்த சான்றிதழில் அந்த நம்பர் இருக்காது. சேர்க்கும் ஏஜென்ட்டுகள் "எல்லாம் ஸ்காலர்ஷிப்பில் போய்விடும்" என்று சொல்லிவிட்டு, எந்தப் போர்ட்டல் என்பதை மட்டும் சொல்லாமல் விடுவார்கள். முதல் வருட விண்ணப்பக் காலம் அப்படியே கழிந்துவிடும்.

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் மர்ஃபி டவுனிலும் தலைமுறைகளாக இருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. பட்டியல் சாதி அந்தஸ்து 1950 ஆகஸ்ட் 10 தேதியிட்ட ஆணையோடு கட்டப்பட்டது. அந்த நாளில் குடும்பம் நிரந்தரமாக எந்த மாநிலத்தில் இருந்ததோ, அந்த மாநிலப் பட்டியல்படிதான் உரிமை. அதற்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்துக்கு அந்தஸ்து போய்விடாது, ஆனால் புதிய மாநிலத்தின் சலுகையைக் கேட்க முடியாது. உச்ச நீதிமன்றம் 1990லும் 1994லும் இதை உறுதிசெய்திருக்கிறது. ஆக 1960களில் வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்குக் கர்நாடகம் "நீ தமிழ்நாடு" என்கிறது, தமிழ்நாடு "உன் முகவரி கர்நாடகம்" என்கிறது. கே.ஜி.எஃப். (கோலார் தங்கவயல்) குடும்பங்கள் பலவற்றின் நிலை இதைவிட நல்லது. தாத்தா 1950க்கு முன்பே தங்கவயலில் வேலை செய்தார் என்பதற்குச் சுரங்க வேலைச் சான்று, பழைய பள்ளிப் பதிவேடு, ரேஷன் கார்டு என ஏதாவது ஒன்று இருந்தால் கர்நாடகச் சான்றிதழுக்கு வாதாட இடமுண்டு.

இரண்டு மாநிலமும் கைவிரித்தால், இரண்டிடமும் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி மறுப்பை வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது. எழுத்து இருந்தால் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். விசாரணையில் ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கும் சிவில் நீதிமன்ற அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. மனு நிலுவையில் இருக்கிறது என்ற ஒப்புகையே கல்லூரியிடம் கால அவகாசம் கேட்க ஒரு காகிதம்.

இன்னொன்றையும் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்: சீட் எந்த வழியாக வந்தது? அரசு கலந்தாய்வு சீட்டா, மேனேஜ்மென்ட் கோட்டாவா? கோட்டா சீட்டுக்கு விதிகள் கடுமையானவை. அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் கல்லூரி கேட்கும் தொகையை எந்த ஸ்காலர்ஷிப்பும் நிரப்பாது. அந்த வித்தியாசத் தொகை உங்கள் கடன்தான். அதை மறுத்து வாதாடினால் மற்ற நியாயமான வாதங்களும் பலவீனமாகும்.

பணம் எங்கே நின்றது?

விண்ணப்பம் சரியான இடத்துக்குப் போயிருந்தால், அடுத்து சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். கல்லூரியிலிருந்து தொடங்கி வங்கிவரை வரிசையாகப் பாருங்கள்.

கல்லூரிச் சரிபார்ப்பு. என்எஸ்பியில் (தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டல்) விண்ணப்பத்தை முதலில் பார்ப்பவர் கல்லூரியின் நோடல் (பொறுப்பு) அதிகாரி. எஸ்எஸ்பியில் ஆவணங்களுக்குக் கல்லூரி இ-அட்டஸ்டேஷன் (ஆன்லைன் சான்றொப்பம்) செய்ய வேண்டும். ஸ்டேட்டஸ் பக்கத்தில் விண்ணப்பம் கல்லூரி மட்டத்திலேயே நிற்கிறதா? அப்படியென்றால் அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இதைவிட வலுவான ஆதாரம் இந்த வழக்கில் கிடையாது. கடைசித் தேதி தாண்டிய பிறகு அந்தப் பக்கம் அப்படியே இருக்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

தவறான தரவு. கட்டணம் குறைவாகப் பதிவாகியிருக்கும், கோர்ஸ் வருடம் மாறியிருக்கும், ஹாஸ்டல் மாணவரை டே ஸ்காலர் என்று போட்டிருப்பார்கள். எஸ்.சி. திட்டத்தில் பராமரிப்புத் தொகை மட்டுமே முதல் பிரிவுப் படிப்புகளுக்கு (பட்டத் தொழிற்படிப்புகள்) ஹாஸ்டல் மாணவருக்கு ஆண்டுக்கு 13,500, வீட்டிலிருந்து வருபவருக்கு 7,000. ஒரு டிக் மாறினால் பாதிப் பணம் போயிற்று.

ஆதார் இணைப்பு. நேரடிப் பணப் பரிமாற்றம் நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்குப் போவதில்லை. என்பிசிஐ (தேசியப் பணப் பரிமாற்றக் கழகம்) பதிவில் ஆதாரோடு கடைசியாக எந்த வங்கியை இணைத்தீர்களோ அங்கே போகும். கேஸ் மானியத்துக்காகவோ புதிய சிம்மோடு திறந்த பேமென்ட்ஸ் வங்கிக் கணக்குக்காகவோ எப்போதோ கொடுத்த ஒப்புதல் இங்கே வேலையைக் காட்டும். மைஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். அந்த வங்கியின் பாஸ்புக்கைப் பதிவு செய்து பார்க்காமல் "பணம் வரவில்லை" என்று கடிதம் எழுதாதீர்கள்.

கணக்கு வரம்பு. முழு கேஒய்சி இல்லாமல் திறந்த ஸ்மால் அக்கவுண்டில் இருப்பு 50,000க்கு மேல் போகக்கூடாது, ஆண்டு வரவு 1 லட்சத்தைத் தாண்டக்கூடாது. அரசு தரும் நலத்தொகைக்கு இந்த இருப்பு வரம்பு பொருந்தாது என்பது விதி. ஆனாலும் வரம்பைக் காட்டி ஸ்காலர்ஷிப் திரும்பியிருந்தால் அந்த விதியைச் சுட்டிக்காட்டுங்கள். வங்கிக் கிளைக்கு ஆதார், பான் எடுத்துப்போய் முழு கேஒய்சி கொடுத்துவிட்டு, துறையிடம் மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும்.

இரண்டு தவணை. எஸ்.சி. போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற விகிதம். மாநிலம் தன் 40ஐ விடுவித்த பிறகுதான் மத்தியப் பங்கு மாணவர் கணக்குக்கு நேராக வரும். முதல் தவணை வந்ததும் இவ்வளவுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். சில வீடுகளில் மாதக்கணக்கில் கழித்து வரும் பெரிய தவணை வாடகைக்கும் மருத்துவச் செலவுக்கும் போய்விடுகிறது. அப்படி ஆகியிருந்தால் அந்தத் தொகை அளவுக்கு பாக்கி உண்மையான பாக்கிதான். அதை ஒத்துக்கொண்டு தவணை கேட்பதே சரி. அரசுப் பணப் பட்டுவாடாவைக் காட்டும் பிஎஃப்எம்எஸ் தளத்தில் பணம் வந்த தேதி பதிவாகியிருக்கும்.

போர்ட்டலில் எதுவும் புரியவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளுக்குள். கர்நாடகத் துறைக்கு அனுப்பும்போது ஒரு விஷயம், 150 சொல் என்ற வரம்பு உண்டு. நீட்டினால் அதைச் சாக்கிட்டுத் திருப்புவார்கள். கேள்விகள் குட்டியாக இருக்கட்டும்: விண்ணப்ப எண் இன்னது, கல்லூரி சரிபார்த்த தேதி என்ன, சாங்ஷன் (ஒப்புதல்) ஆணையின் எண்ணும் தேதியும் என்ன, தொகை எவ்வளவு, அனுப்பிய கணக்கின் கடைசி நான்கு இலக்கம் என்ன, திரும்பியிருந்தால் காரணம் என்ன. 'ஏன் தரவில்லை' என்று கேட்காதீர்கள். விளக்கம் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, பதிவில் இருப்பதைத் தந்தால் போதும்.

கல்விக் கடனில் தாமதம் என்றால் கதை சுருக்கம். ஒவ்வொரு செமஸ்டருக்கும் வங்கி கேட்பது கல்லூரியின் டிமாண்ட் லெட்டர், முந்தைய மதிப்பெண் பட்டியல், முந்தைய ரசீது. இவற்றை நீங்கள் கொடுத்த தேதிக்கும் வங்கி பணம் விட்ட தேதிக்கும் இடைவெளி இருந்தால் அபராதத்தை வங்கியிடம் கேளுங்கள். எழுத்துப் புகாருக்கு 30 நாளில் பதிலில்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனில் போகலாம், செலவில்லை.

கடிதம்

ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ எழுதுங்கள், ரிஜிஸ்ட்ராருக்கு அனுப்புங்கள், பிரின்சிபாலுக்கும் ஃபைனான்ஸ் அதிகாரிக்கும் நகல். உள்ளடக்கம் இந்த மாதிரி இருக்கட்டும்:

"என் ரிஜிஸ்டர் எண் இன்னது. இன்ன தேதியிட்ட உங்கள் லெட்ஜர்படி 1,84,000 ரூபாய் கோரப்பட்டுள்ளது. இந்தக் கோரிக்கையை நான் ஏற்கவில்லை. இரண்டாம் வருட டியூஷன் 65,000: நான் இன்ன தேதியில் ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பித்தேன், கல்லூரிச் சரிபார்ப்பு கடைசித் தேதிவரை செய்யப்படவில்லை, இணைப்பு 1. மூன்றாம் வருட டியூஷன் 65,000: சாங்ஷன் ஆகி, வழங்கல் நிலுவையில் உள்ளது, இணைப்பு 2. ஸ்கில் டெவலப்மென்ட் 18,000: புராஸ்பெக்டஸில் அறிவிக்கப்படாதது, இணைப்பு 3. காஷன் டெபாசிட் 10,000: திரும்பத் தரப்பட வேண்டியது, நீக்கவும். அபராதம் 26,000: ஆதாரமான விதியைத் தரவும். இந்தத் தகராறு தீரும்வரை என் ஹால் டிக்கெட்டையோ சான்றிதழ்களையோ நிறுத்த வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவும்."

குடும்பக் கஷ்டம், அப்பாவின் உடல்நிலை, மார்க் எல்லாம் இதில் வேண்டாம். கருணை கேட்கும் கடிதமும் உரிமை கேட்கும் கடிதமும் ஒரே தாளில் வந்தால், படிப்பவர் கருணைப் பகுதிக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு ஃபைலை மூடிவிடுவார். தவணை கேட்பதாக இருந்தால் தனிக் கடிதம்.

"பாக்கியை விரைவில் கட்டிவிடுகிறேன்" என்ற வரி எந்தக் கடிதத்திலும், எந்த வாட்ஸ்அப்பிலும் வரக்கூடாது. பணக் கடனுக்கு வழக்குப் போட 3 வருட வரம்பு. கெடு முடிவதற்குள் கடனை எழுத்தில் ஒத்துக்கொண்டால் அந்த 3 வருடம் புதிதாக ஓடத் தொடங்கும். பகுதித் தொகை கட்டினாலும், அது எழுத்தில் பதிவாகியிருந்தால், அதே விளைவு. கெடு முடிந்த கடனைக்கூட, கையெழுத்திட்ட வாக்குறுதி கொடுத்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 25வது பிரிவு மறுபடி உயிர்ப்பித்துவிடும். பழைய மாணவரைக் கூப்பிட்டு "சும்மா ஒரு அண்டர்டேக்கிங் எழுதிக் கொடுங்க" என்று கேட்பது பெரும்பாலும் இதற்காகத்தான்.

குறைதீர்ப்புக் குழு, பிறகு ஓம்புட்ஸ்பெர்சன்

பதில் வரவில்லை அல்லது மழுப்பலாக வந்தது என்றால் அடுத்த படி யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2023 ஏப்ரல் விதிமுறைகள். ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். தலைவர் ஒரு பேராசிரியர், நான்கு மூத்த ஆசிரியர்கள் உறுப்பினர், ஒரு மாணவர் சிறப்பு அழைப்பாளர். குழுவில் ஒருவராவது பெண்ணாகவும், ஒருவராவது எஸ்.சி., எஸ்.டி. அல்லது ஓ.பி.சி. பிரிவினராகவும் இருக்க வேண்டும். ஸ்காலர்ஷிப் அல்லது நிதியுதவியைத் தராமல் இருப்பது, தாமதிப்பது, அறிவித்ததற்கு மேல் பணம் கேட்பது, ஆவணங்களைப் பிடித்துவைப்பது எல்லாம் இந்த விதிமுறைகளில் 'குறை' என்ற சொல்லுக்குள் வருகின்றன. புகாரில் அந்த வகைகளையே பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நீங்கள் நேரில் போகலாம், இல்லாவிட்டால் உங்கள் சார்பில் ஒருவரை அனுப்பலாம். கூட்டத்துக்குப் போனால் உணர்ச்சிவசப்படாமல் லெட்ஜரையும் ஸ்கிரீன்ஷாட்டையும் மேசையில் வைத்து, தலைப்பு தலைப்பாகப் பதில் கேளுங்கள். "மொத்தமாகப் பாதி கட்டிவிடுங்கள், முடித்துவிடலாம்" என்று அங்கேயே பேரம் வரும். எந்தத் தலைப்பில் எவ்வளவு தள்ளுபடி என்று சொல்லாமல் வரும் பேரத்துக்குத் தலையாட்டாதீர்கள்.

முடிவு எதிராக வந்தால், கையில் கிடைத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்பெர்சனிடம் மேல்முறையீடு. அவர் ஓய்வுபெற்ற துணைவேந்தராகவோ பேராசிரியராகவோ முன்னாள் மாவட்ட நீதிபதியாகவோ இருப்பார். 30 நாளுக்குள் தீர்க்க முயல வேண்டும். குழுவிடம் போகாமல் நேராக அவரிடம் போனால் ஏற்கமாட்டார். இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகத்தின் ஓம்புட்ஸ்பெர்சனைத் தேட வேண்டும்: பொறியியல் என்றால் பொதுவாக வி.டி.யு. (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்), நர்சிங் என்றால் ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகம். அவருடைய பெயரும் மின்னஞ்சலும் இணையதளத்தில் இல்லையென்றால் அதுவே யுஜிசியின் இ-சமாதான் என்ற புகார்த் தளத்தில் இன்னொரு புகார்.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்பார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் கல்வி நிறுவனங்கள் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று சொல்லிவிட்டது. அந்தப் பாதையில் நேரத்தைச் செலவழிப்பது எங்கள் பார்வையில் வீண்.

ஹால் டிக்கெட் நாளை மறுநாள் என்றால்

மேலே சொன்ன நிதானம் எதற்கும் நேரமில்லாத நிலை இது. ஒரு வருடம் போவதைவிடப் பணம் போவது சிறிய இழப்பு. கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள். ஆனால் கட்டுவதற்கு முன்பே, "பரீட்சை எழுத விடாமல் செய்வீர்கள் என்பதால் ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், என் உரிமைகளைக் கைவிடவில்லை" என்று மின்னஞ்சல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வற்புறுத்தலால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க ஒப்பந்தச் சட்டம் 72வது பிரிவு இடம் தருகிறது. அந்த மின்னஞ்சல் இல்லையென்றால் விருப்பத்தோடு கட்டியதாகவே கல்லூரி வாதாடும்.

கட்டவே முடியாது என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. தனியார் நிறுவனம் என்றால் ரிட் வராது என்ற நினைப்பு தவறு. பொதுக் கடமை செய்யும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ரிட் அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 226வது பிரிவுக்குள் வரும் என்று 2015ல் சென்னை அருகே உள்ள ஒரு பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடைக்கால உத்தரவாகப் பரீட்சை எழுத அனுமதி கேட்கலாம். அட்டெண்டன்ஸ் குறைவும் இருந்தால் அதை வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கல்லூரி அதைத்தான் முதலில் எடுத்து நீட்டும்.

பாதியில் நிற்பவர்கள், சான்றிதழ் சிக்கியவர்கள்

உதவி வராததால் படிப்பை விட்டுவிட்டவரிடம் மீதி மூன்று வருடக் கட்டணத்தையும் கேட்பது பெங்களூரில் பழகிப்போன வழக்கம். யுஜிசியின் 2018 அக்டோபர் அறிவிப்புப்படி, நிறுவனங்கள் படிக்கும் செமஸ்டர் அல்லது வருடத்துக்கு மட்டுமே முன்பணம் வாங்கலாம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தர வேண்டும், நகல்தான் வைத்துக்கொள்ளலாம். சேர்க்கையை ரத்து செய்தால் திரும்பக் கிடைப்பது இது: அறிவித்த கடைசிச் சேர்க்கைத் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பு என்றால் அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்தம் போக முழுத்தொகை, கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் 90 சதவீதம், கடைசித் தேதிக்குப் பின் 15 நாள்வரை 80, 30 நாள்வரை 50, அதற்குப் பிறகு எதுவுமில்லை. இந்தக் கணக்கு காஷன் டெபாசிட்டுக்குப் பொருந்தாது, அது தனியாகத் திரும்ப வர வேண்டும். எழுத்து விண்ணப்பம் கொடுத்த 15 நாளில் பணம் வர வேண்டும். ஆகவே கல்லூரிக்குப் போவதை நிறுத்துமுன் விலகல் கடிதம் கொடுத்துவிடுங்கள். கடிதம் இல்லாமல் காணாமல் போனவருக்கு ஒவ்வொரு செமஸ்டரும் லெட்ஜரில் ஏறிக்கொண்டே இருக்கும்.

சேரும்போது பாண்டு (உறுதிப் பத்திரம்) ஏதாவது கையெழுத்திட்டீர்களா என்று பாருங்கள். கர்நாடகத்தை எதிர்வாதியாகக் கொண்ட 2003ஆம் வருட இஸ்லாமிக் அகாடமி வழக்கில், மொத்தப் படிப்புக்கும் முன்கூட்டி வசூலிக்கக் கூடாது என்ற உச்ச நீதிமன்றம், இடையில் விலகக்கூடும் எனத் தோன்றும் மாணவரிடம் மீதிக் கட்டணத்துக்குப் பாண்டு வாங்கலாம் என்றும் சொன்னது. கல்லூரி வக்கீல் அதைக் காட்டுவார். உங்கள் பக்கம் 2018 அறிவிப்பைக் காட்ட வேண்டும்.

அசல் சான்றிதழ் வேறு, பல்கலைக்கழகம் புதிதாக வழங்க வேண்டிய மார்க் கார்டு, டிகிரி வேறு. முதலாவதை வைத்துக்கொள்ள எந்த உரிமையும் இல்லை. இரண்டாவதில்தான் 'நோ டியூ' வாதம் எழுகிறது. வேலைக்கு அவசரம் என்றால் அரசின் டிஜிட்டல் ஆவணத் தளமான டிஜிலாக்கரில் பாருங்கள். பல்கலைக்கழகம் ஏற்கனவே மார்க் கார்டை ஏற்றியிருந்தால் கல்லூரி கவுன்டர் தடுத்தும் பயனில்லை.

வாங்கக் கூடாத 'உதவிகள்'

பாக்கிக்கு வரப்போகும் தேதி போட்ட செக் கொடுக்காதீர்கள். பாக்கி சிவில் விவகாரம். செக் திரும்பினால் நோட்டீஸ் வந்த 15 நாளுக்குள் கட்டாவிட்டால் அது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138வது பிரிவின் கீழ் குற்ற வழக்கு.

கவுன்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஃபீஸ் இஎம்ஐ நிறுவனத்தையும் கவனியுங்கள். கல்லூரிக்கு நீங்கள் வைத்த பாக்கி சிபிலில் (உங்கள் கடன் வரலாற்றுப் பதிவு) ஏறாது. அந்த நிறுவனத்திடம் கையெழுத்திட்ட கணத்தில் பாக்கி தீர்ந்துபோய், உங்கள் பெயரிலோ அப்பா பெயரிலோ கடன் பிறக்கிறது. கல்லூரியோடு உள்ள தகராறைக் காட்டி அந்தத் தவணையை நிறுத்த முடியாது. நிறுத்தினால் சிபில் கெடும்.

வக்கீலும் கடைசிக் கணக்கும்

வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதில் போடாமல் விடாதீர்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. எச். சித்தையா ரோட்டில் நியாய தேகுலா கட்டடத்தில் மாநிலச் சட்ட சேவைகள் ஆணையம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். லெட்ஜர், கடிதம், டெலிவரி ரிப்போர்ட், ஸ்கிரீன்ஷாட் நான்கையும் தேதி வரிசையில் எடுத்துப்போனால் முதல் சந்திப்பிலேயே வேலை தொடங்கும்.

சமரசத்துக்குக் கல்லூரி இறங்கி வந்தால், பணம் கொடுக்குமுன் கடிதம் வாங்குங்கள்: ஒப்புக்கொண்ட தொகை எவ்வளவு, எந்தத் தலைப்புகள் தள்ளுபடி, இதற்கு மேல் எந்தக் கோரிக்கையும் இல்லை, பின்னால் ஸ்காலர்ஷிப் வந்தால் அது மாணவருக்கே சேரும். இந்தக் கடைசி வரியை யாரும் கேட்டு வாங்குவதில்லை. பணம் கட்டியபின் நிலுவைத் தவணை கல்லூரி வழியாக வந்தால் அதைத் திரும்பப் பெற ஆதாரம் இல்லாமல் போகிறது. டிடி அல்லது ஆன்லைன் மட்டும், ரொக்கம் வேண்டாம். ரசீது, நோ டியூ, டி.சி., அசல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் அதே கவுன்டரில் அதே நாளில் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு, பூஜ்யம் காட்டும் லெட்ஜர் நகலையும் ஒன்று கேட்டு எடுத்து வாருங்கள்.